ஞானப்பூவின் இருபத்து நான்கு நாள்

1974 மார்ச் 12: 21 கிலோ
1975 அக்டோபர் 7: 20½ கிலோ
1976 நவம்பர் 9: 20¼ கிலோ
1977 மே 16: 10¾ கிலோ
1977 மே 23: 13½ கிலோ
1977 ஜூன் 11: 14¾ கிலோ

இவை ஒரே பெண் ஒரு நாளில் பறித்த தேயிலைக் கொழுந்தின் எடைகள். சூரியநெல்லிக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். மலையில் நாளுக்கு மூன்று தடவை எடை எடுத்து, எழுதி, கூட்டி, ஆபீசுக்கு அனுப்புவது என் வேலை. மேலே உள்ள இரண்டாவது, மூன்றாவது எடைகளை எழுதியபோது அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாது. அது எனக்குத் தெரியாது.

பெயர் ஞானப்பூ. பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. பதினேழு வயதில் மலைக்கு வந்தவர். கணவர் 1968இல் காய்ச்சலில் இறந்தார். ஒரே மகன் ஏசுரத்தினம் குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தான். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் நான்காவது வீடு ஞானப்பூவின் பெயரில் இருந்தது. எஸ்டேட்டில் பேர்ப் பதிவு இருக்கும்வரைதான் வீடு. பேரை வெட்டினால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கூடையைத் தோளிலிருந்து இறக்கும்போதே எடையைச் சொல்லிவிடுவார். "ஆறே கால். எழுதும் அய்யா." தராசு முள்ளும் ஆறே காலில் போய் நிற்கும். கால் கிலோ பிசகி நான் பார்த்ததில்லை. மற்ற பெண்கள் முள்ளை எட்டி எட்டிப் பார்த்துச் சண்டை போடுவார்கள். ஞானப்பூ முள்ளைப் பார்ப்பதே இல்லை. என்மேல் வைத்த நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

1976 நவம்பர் 10, மூடுபனி. பறிகாரிகளை மேய்க்கும் கங்காணி பெரியமுத்து காக்கிக் கோட்டுப் போடுவார். அன்று குளிருக்காக நானும் ஒன்று போட்டிருந்தேன். ஞானப்பூ நேரே என் முன்னால் வந்து நின்று, "கங்காணி, நாளைக்கு நிரை மாத்துறாகளாமே. எனக்கு அந்த ஓடை ஓரத்து நிரையவே குடும். கணக்கப்பிள்ளை காதுல விழாமப் பாத்துக்கிடும்" என்றார்.

"நான்தான் கணக்கப்பிள்ளை" என்றேன்.

கூடை கீழே விழுந்தது. பின்னால் நின்ற பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் விளங்கியது. பெரியமுத்துவுக்குத் தெரியும். ஐம்பத்தெட்டுப் பறிகாரிகளுக்கும் தெரியும். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, வெளிச்சமும் ஆள் உருவின் நிழலும் மட்டும் தெரிகிற பெண்ணுக்கு ஒன்றரை வருடமாக ஓடை ஓரத்துச் செடி வரிசையான அந்த ஒரே நிரையைக் கொடுத்து, சரிவில் முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தி என்று நடத்திப் போயிருக்கிறார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரலே கண்டுபிடித்துக் கிள்ளியிருக்கிறது. கூடையில் ஒரு முற்றல் இலை இருந்ததாக என் புத்தகத்தில் குறிப்பில்லை.

நான் எஸ்டேட் மேனேஜரான துரைக்கு எழுதினேன். எழுதாமல் இருக்க முடியாது. சரிவில் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது? துரை அன்றே வேலையை நிறுத்தினார். கண்ணைச் சரி செய்துகொண்டு வந்தால் பார்க்கலாம், ஆறு மாதம் தவணை என்றார்.

மகன் வந்து கூட்டிப்போனான். போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. 1977 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை, வலது கண்ணில் அறுவை. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து ஐந்து நாள் அசையாமல் படுக்க வைத்தார்கள். இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த கிழவர் ஒருவர் வேண்டுமென்றே சிரிக்க வைத்தாராம். மார்ச் 27இல் கண்ணாடி கொடுத்தார்கள். சோடாப் புட்டியின் அடிப்பாகம் போல் கனம். அதைப் போட்டதும் மகனைப் பார்த்து முதலில் சொன்னது: "ஏலே, ஒனக்கு இம்புட்டுப் பெரிய மூக்கா? ஒங்கப்பன் மூக்குல்லா இது!"

"அந்தக் கண்ணாடியில எல்லாம் பெருசாத்தாம்மா தெரியும், டாக்டர் சொன்னாரு."

"மூக்கு பெருசுதாம்லே. டாக்டர் ஒன்னைய சமாதானப்படுத்துறாரு."

மே முதல் வாரம் ஞானப்பூ மலைக்குத் திரும்பியதும் துரை ஒரு நிபந்தனை வைத்தார். இருபத்து நான்கு வேலை நாள். நாள் கூலிக்கு உரிய எடை பதினான்கு கிலோ. மொத்தம் 336 கிலோ வந்தால் பேர் நிற்கும். வராவிட்டால் வெட்டிவிடலாம். மே 16 திங்கட்கிழமை தொடங்கியது.

முதல் வாரம் ஞானப்பூ கண்ணாடியோடு பறித்தார். கை போகிற இடத்தில் கொழுந்து இல்லை. கொழுந்து பக்கத்தில் இருப்பதாகக் கண் சொல்கிறது, விரல் காற்றைக் கிள்ளுகிறது. கண் இல்லாமல் இருபது கிலோ பறித்தவர், கண் வந்த பிறகு முதல் நாள் பறித்தது பத்தே முக்கால். அந்த வாரத்தில் மொத்தம் 69 கிலோ.

அடுத்த திங்களன்று கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டார். "நீ சும்மா இரு தாயி, வேலைய வெரலு பாத்துக்கிடும்" என்று கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு நிரையில் இறங்கினார். எடை ஏறியது. ஆனால் இன்னொன்று கெட்டது. தோளிலிருந்து இறக்கும்போது "அஞ்சே கால்" என்பார்; முள் ஐந்தில் நிற்கும். "நாலே முக்கா" என்பார், நாலரை. ஒவ்வொரு தடவையும் கால் கிலோ கூட்டியே சொன்னார். ஆறு மாதம் சுமக்காததால் கணிப்புப் போய்விட்டது என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

"கண்ணு வந்த வழியில தோளு போயிட்டுபோல அய்யா" என்றார். அதன்பிறகு எடை சொல்வதையே நிறுத்திவிட்டார். அதுதான் அவரை அதிகம் வருத்தியது என்பது முகத்தில் தெரிந்தது.

ஜூன் 11, சனிக்கிழமை, கடைசி நாள், கடைசி எடை. அதற்குமுன் கூட்டிப் பார்த்திருந்தேன். 318½. கூடையில் என்ன இருந்தாலும் 336 வராது. பெரியமுத்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். ஞானப்பூ கூடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மடியிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

"எதுக்குக்கா இப்ப?" என்றார் பெரியமுத்து.

"முப்பது வருசம் இந்த முள்ளுக்குப் பாடுபட்டிருக்கேன். போறதுக்கு முன்ன ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்."

தராசுக்கு நேர் எதிரே போய் நின்றார். நான் நாலரை என்று எழுதினேன்.

"நாலே முக்கா" என்றார்.

"நாலரை."

"அய்யா, நானே சோடாப் புட்டி வழியாப் பாக்கேன், எனக்கே நாலே முக்கா தெரியுது. நல்ல கண்ண வச்சிக்கிட்டு நீரு என்னத்தப் பாக்கீரு?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "இருபது வருஷமா நீங்கள் எல்லோரும் இப்படித்தான் கத்துகிறீர்கள்" என்றேன்.

"அப்பம் எந்திச்சு இங்க வாரும்."

எழுந்து போனேன். அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். முள் நாலே முக்காலில் இருந்தது. திரும்பி என் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நாலரை. மறுபடி போய்ப் பார்த்தேன். நாலே முக்கால்.

ஏப்ரல் 18இல் புதுத் தராசு வந்திருந்தது. பழைய தராசில் முள் எண் தகட்டை ஒட்டி ஓடும். புதியதில் முள் அரை அங்குலம் விலகி நின்றது. நான் காற்றுக்கு ஒதுங்கி எப்போதும் இடது பக்கம் உட்காருவேன். பக்கவாட்டில் பார்க்கிறவனுக்கு முள் குறைந்த எண்ணில் நிற்பது போல் தெரியும். இது எனக்குத் தானாகத் தோன்றவில்லை. கண் தெரியாத பெண்ணின் தோள் சரியாகச் சொல்லியிருக்கிறது, கண் தெரிந்த நான் தப்பாக எழுதியிருக்கிறேன்.

ஞானப்பூ முதலில் கேட்டது பேரைப் பற்றி அல்ல. "அப்பம் என் தோளு போவலியா அய்யா?"

"போகவில்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்து நின்ற நிற்பை நான் இன்றும் பெருமையோடு நினைக்கிறேன்.

திங்களன்று ஃபேக்டரியிலிருந்து முத்திரை எடைக்கற்களைக் கொண்டுவந்து, துரை முன்னிலையில் என் முக்காலியில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். எல்லாக் கற்களிலும் கால் கிலோ குறைந்தது. ஏப்ரல் 18 முதல் எல்லாப் பறிகாரிகளுக்கும் எடையைத் திருத்தி எழுதினேன். ஞானப்பூவுக்கு என் புத்தகப்படி 323. எழுபத்திரண்டு எடைக்குக் கால் கிலோ வீதம் 18. ஆக மொத்தம் 341.

துரை அதைத் தானே முடிவு செய்ய மாட்டேன் என்று கம்பெனித் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார். முதல் பதில் ஜூன் கடைசியில் வந்தது. என் பிழைக்கு விளக்கம் கேட்டார்கள். பிழை என்னுடையது என்று இரண்டு வரியில் எழுதினேன். இரண்டாவது கடிதம் ஜூலையில் வந்தது. கண் டாக்டரின் சான்று கேட்டார்கள். ஏசுரத்தினம் மழையில் போடிக்கு இறங்கி வாங்கி வந்தான்.

முடிவு வரும்வரை அந்த இரண்டு மாதமும் ஞானப்பூவுக்கு வேலை இல்லை. மாமியார் வீட்டோடு இருந்த மகன் தன்னோடு வந்துவிடச் சொன்னான். "என் பேருல வீடு இருக்கையில ஒன் மாமியா வீட்டு அடுப்பங்கரையில எனக்கென்னலே சோலி?" என்று அனுப்பிவிட்டார். தினமும் சாயங்கால எடைக்குக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்கு வருவார். தராசுக்கு நேரே நின்று ஒவ்வொரு கூடைக்கும் முள்ளைச் சத்தமாகப் படிப்பார். நான் முக்காலியை நேர் எதிரே மாற்றிப் போட்டுவிட்டேன். இருந்தும் அவர் படித்த பிறகே எழுதினேன். ஐம்பத்தெட்டுப் பேரில் ஒருத்திகூட அந்த இரண்டு மாதம் எடைக்குச் சண்டை போடவில்லை.

மூன்றாவது கடிதத்தில் மூன்றே வரி. 341 கிலோ ஏற்கப்படுகிறது. தொழிலாளி ஞானப்பூவின் பேர்ப் பதிவும் வீடும் தொடரும். வேலை நின்ற நாள்களுக்குப் பதிவில் முறிவு இல்லை.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த நாள் 1977 ஆகஸ்டு 19, வெள்ளிக்கிழமை.