அவள் கழுத்தில் கிடந்த என் அட்டை

வீட்டிலிருந்தபடியே, உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்குத் துணி தைக்கும் பெண்களுக்கு எங்கள் தாராவியில் ஒரு சங்கம் உண்டு. பல நாடுகளில் இருக்கும் இதுமாதிரி சங்கங்கள் சேர்ந்து சர்வதேச மாநாடு நடத்தும். அந்தத் தடவை மும்பையிலேயே நடந்தது. ஒரு சங்கத்துக்கு ஒரு பிரதிநிதி, ஒரு ஓட்டு. எங்கள் பொதுக்குழுவில் கை தூக்கி என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இருபது வருஷமாக நைட்டி தைக்கிறவள் நான். எதிர்த்து ஒரு கைகூட எழும்பவில்லை.

மாநாட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஐரோலியில் கால் சென்டரில் வேலை பார்க்கும் என் மகள் போனில் பிரதிநிதிகள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல உன் பேர் இல்லியே" என்றாள். எங்கள் சங்கத்துக்கு நேரே வேறொரு பெயர் இருந்தது. எங்கள் தலைவியின் தம்பி மனைவி அவள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவள்.

தலைவி மாட்டுங்காக்காரர். பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தைப் பதிவு செய்ய வெயிலில் அலைந்தவர் அவர்தான், அதை மறுக்க மாட்டேன். நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதே. அங்கே எல்லாம் இங்கிலீஷ். மொழிபெயர்ப்பு கேட்க உன் காதில் ஹெட்போனை மாட்டி உட்கார வச்சா தூங்கிடுவே. அசிங்கம் நம்ம சங்கத்துக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் சோபாவில் இருந்த தம்பி மனைவியும் சிரித்தாள்.

கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். இடம் போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பு என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ரயில்வே பாலத்தில் நடக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். எல்லோரும் பார்க்க அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பாமல் விடுவதில்லை.

"ஜானே தோம்மா, விடு" என்றாள் மகள்.

"விட மாட்டேன். மாநாட்டுக்கு ரூல் புஸ்தகம்னு ஒண்ணு இருக்கும்லா? அதப் படிச்சுச் சொல்லு."

மகளுக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இங்கிலீஷ் சரளம். மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். முதல் நாள் காலையில் பட்டியலை ஒட்டுவார்கள். ஒரு பிரதிநிதியின் நியமனம் செல்லாது என்று நினைக்கிற உறுப்பினர் யாரும் அன்று பகல் ஒரு மணிக்குள், ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்கலாம். வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று பேர் கமிட்டியாக இருந்து ரெண்டு பக்கத்தையும் விசாரிப்பார்கள். தீர்ப்பு வரும்வரை அந்தப் பிரதிநிதி உட்காரலாம், ஓட்டும் போடலாம்.

"அதுவரைக்கும் அவ உக்காந்திருப்பாளா?"

"ஆமாம்மா."

"உக்காரட்டும். உக்கார வச்சு எழுப்புனாத்தான் ருசி."

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. பேர் மாத்துற கெடு போன வாரமே முடிஞ்சுபோச்சு. நீ ஜெயிச்சாலும் உனக்கு சீட் கிடைக்காது. நாற்காலி காலியாத்தான் கிடக்கும்."

"கிடக்கட்டும்" என்றேன்.

என்னைத் தேர்ந்தெடுத்ததை எழுதிவைத்த தீர்மானப் புத்தகம் தலைவியின் பீரோவில் இருந்தது. அதனால் வீடு வீடாகப் போய், என்னைத் தேர்ந்தெடுத்தது உண்மை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். சிலர் பயந்து கதவைச் சாத்தினார்கள். முப்பத்தெட்டுப் பேர் போட்டார்கள். நாற்காலி காலியாகக் கிடக்கும், சங்கத்துக்கு ஓட்டே இருக்காது என்பதை மட்டும் நான் ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் எனக்குப் பார்வையாளர்களுக்கான மஞ்சள் அட்டை. கடைசி வரிசை. அவள் முன்னால் பட்டுப்புடவையில், பிரதிநிதிகளுக்கான நீல அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள். மாநாட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது கை தூக்கினாள். அந்தக் கை என் கை. பதினொன்றரைக்கு எழுந்து போய் மனுவைக் கொடுத்து, நேரம் போட்ட ரசீதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒரு சின்ன அறையில் விசாரணை. நேபாளத்துப் பெண் ஒருவர், பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், நடுவில் கென்யாவைச் சேர்ந்த அம்மா. அவர்தான் கமிட்டித் தலைவர். இந்தியில் மொழிபெயர்க்க ஒரு பெண்ணும் இருந்தாள். எங்கள் தலைவியும் தம்பி மனைவியும் எனக்கு எதிரில். நான் பையிலிருந்து, தையல் மிஷினில் அடிநூலுக்கு மாட்டும் பாபின் கேஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இது என்ன, எங்க மாட்டணும்னு அவளச் சொல்லச் சொல்லுங்க" என்றேன் என் தாராவி இந்தியில்.

கென்யா அம்மா கையமர்த்தினார். "இது தையல் பரீட்சை இல்லை. யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மட்டும்தான் கேள்வி." எனக்கு முகம் சுண்டிப்போனது. பாபின் கேஸைப் பைக்குள் போட்டேன்.

பிறகு எங்கள் தலைவியிடம் திரும்பினார். "பொதுக்குழு இவரைத் தேர்ந்தெடுத்ததா?"

"ஆமாம். ஆனால் நிர்வாகக் குழு பிறகு மாற்றியது."

"மாற்றலாம் என்று உங்கள் சங்க விதியில் எங்கே இருக்கிறது?"

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிகளைப் புரட்டினார். திரும்பவும் துடைத்தார். அந்த அமைதி இன்னும் கொஞ்ச நேரம் நீளாதா என்றிருந்தது எனக்கு.

மத்தியானம் பெரிய சபையில் தீர்ப்பை வாசித்தார்கள். நியமனம் செல்லாது. அவள் எழுந்து, அத்தனை வரிசையையும் தாண்டி வந்து, வாசல் மேஜையில் நீல அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். நான் வேண்டுமென்றே அங்கே போய் நின்றிருந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அண்ணி வரச் சொன்னாங்க, வந்தேன்."

"சிரிக்கவும் அவங்கதான் சொன்னாங்களா?" என்று கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கடைசி நாள் எங்கள் தீர்மானம் வந்தது. துணி கொடுக்கும் ஏஜென்ட் ரேட்டை எழுதித் தரவேண்டும் என்று நாங்களே அனுப்பிய தீர்மானம். உலகத்துப் பெண்களெல்லாம் கை தூக்கினார்கள். எங்கள் நாற்காலி காலியாகக் கிடந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆனால் கூட வந்திருந்த என் அடுத்த வீட்டுக்காரிக்கு மனசு ஆறவில்லை.

"நம்ம கேட்டதுக்கு நம்ம கை இல்லியேட்டி. இப்படி ஆகும்னு ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "தெரியும்" என்றேன். தாதரில் டிரெயின் ஏறியதும் அவள் என்னை விட்டு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த பொதுக்குழுவில் தலைவியை மாற்றினார்கள். என்னைப் போடவில்லை. "அவ கோவக்காரி, கோவத்துக்குச் சங்கத்தையே பணயம் வைப்பா" என்று அடுத்த வீட்டுக்காரிதான் எழுந்து சொன்னாள். அவளையே தலைவியாக்கினார்கள். அவள் சொன்னதில் தப்பில்லை. நானும் அவளுக்குத்தான் கை தூக்கினேன்.

பழைய தலைவியை மாட்டுங்கா மார்க்கெட்டில் எப்போதாவது பார்ப்பேன். ஒதுங்கிப் போகலாம், போவதில்லை. நேரே எதிரில் போய் நின்று, "சௌக்கியமா மேடம்?" என்று சிரிப்பேன். அவர் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் வரும்வரை நான் நகர மாட்டேன்.