தறி நின்றபோது வந்த பதில்

ஆரணியில் கருத்துக்கணிப்புக்காக வீடு வீடாகப் போகிறவள் நான். "உங்க கணிப்பெல்லாம் டூப்பு" என்று கேலி செய்கிறவர்களுக்கு நான் சளைத்தவள் இல்லை. எங்கே, எந்தப் பக்கமாகத் தவறினோம் என்று தேடிப் பார்க்கிறவள் நான்.

ஒரு தேர்தலில் முதலிடம் யாருக்கு என்று சரியாகவே சொன்னோம். சென்னை அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். நான் அதோடு நிற்கவில்லை. வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் வந்ததும், ஒவ்வொரு கட்சிக்கும் நாங்கள் சொன்னதையும் விழுந்த ஓட்டையும் அருகருகே எழுதிப் பார்த்தேன். களம்பூர் பக்கம் ஓரிடத்தில் கூடுதலாக, ஓரிடத்தில் குறைவாகச் சொல்லியிருந்தோம். அது யாருக்கும் வருகிற பிசகு. எங்கள் நெசவுத் தெருக்களில் மட்டும் ஒரு சின்னக் கட்சிக்கு எல்லாச் சாவடியிலும் குறைத்தே சொல்லியிருந்தோம். ஒரே பக்கமாகச் சாய்கிற தவறு தற்செயல் இல்லை.

மேலாளரிடம் காட்டினேன். "ஜெயிச்சவங்கள கரெக்டா சொல்லிட்டோமே மேடம், அப்புறம் என்ன?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலைந்து கட்சி நிற்கிற ஊரில் முதல் ஆளை மட்டும் சொல்ல டீக்கடையே போதுமே.

அடுத்த தேர்தலுக்குப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் கத்திக் கேட்டேன். நெய்துகொண்டிருந்த அம்மாள் ஒரு பெரிய கட்சியின் பெயரைக் கத்திச் சொன்னார். இழை அறுந்து தறி நின்றது. முடிச்சுப் போட்டபடியே என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நான் சொன்னத அடிச்சிடுங்கம்மா. நூல் குடுக்கறவரு பக்கத்து வூடு, அந்தக் கட்சிக்காரரு, கேட்டுகினு இருப்பாரு. என் ஓட்டு வேற" என்று அந்தச் சின்னக் கட்சியின் பெயரை மெல்லச் சொன்னார்.

தலையில் அடித்துக்கொண்டேன். ரகசியமாகப் போடுகிற ஓட்டை இத்தனை வருஷமாகத் தெருவே கேட்கும்படி கத்தவைத்தவள் நானேதான்.

அன்றிலிருந்து வாயால் கேட்பதில்லை; கட்சிச் சின்னங்கள் அச்சிட்ட சீட்டு, குறி போட்டு மடித்துப் போட ஒரு பிஸ்கட் டப்பா. சின்னக் கட்சியின் கணக்கு ஏறிவிட்டது. வெளியிட மேலாளர் தயங்கினார். "தப்பாச்சுன்னா என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க" என்றேன். கணிப்பு வெளியானது.

சாவடி முடிவுகள் வந்த அன்றே ஒப்பிட்டேன். எங்கள் கணக்கும் விழுந்த ஓட்டும் கிட்டக்கிட்ட நின்றன. ஒரு தெருவில் கொஞ்சம் கூடுதல், அடுத்த தெருவில் கொஞ்சம் குறைவு. ஒரே பக்கமாகச் சாயாத அந்தக் கூடுதல் குறைவைப் பார்த்துத்தான் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேலாளர் போன் செய்தார். "மேடம், அந்த டப்பா எங்க கிடைக்கும்? மாவட்டம் பூரா வேணும்."

"பிஸ்கட்டைச் சாப்பிட்டு முடிங்க சார், டப்பா தானா கிடைக்கும்" என்றேன்.