மாஸ்டருக்கு வந்த இரண்டாவது சீஸ் பலகை

மன்னிச்சுக்குங்க. நம்ம கம்பெனி குரூப்பில் ஒரு குட் மார்னிங்கூடப் போடாதவள், இன்றைக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்...

ஈரம் காயாமல் மூட்டை கட்டிய பனியன் துணியைப் பிரித்தால் ஒரு வாசம் வருமே... பாரிஸில் அந்தச் சின்ன ஒயின் பாருக்குள் நுழைந்ததும் அதே வாசம். சீஸ்!

அப்போது நான் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி, முதல் பாஸ்போர்ட் இரண்டும் என்னுடையது. டி-ஷர்ட் சாம்பிள் அப்ரூவலுக்கு என்னையும் பேட்டர்ன் மாஸ்டர் பழனிச்சாமி அண்ணனையும் அனுப்பியிருந்தார்கள். அப்ரூவல் முடிந்ததும், ஆர்டர் கொடுக்கும் பையர் மேடம்தான் அங்கே கூட்டிப் போனார்.

மரப்பலகையில் நாலு வகை சீஸ், ஊறவைத்த வெள்ளரி, மெல்லிசாகச் சீவிய பன்றி இறைச்சி. மாஸ்டர் இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து, துணியைத் தடவுவது போலத் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கனம் பார்த்தார்.

"நூறு ஜிஎஸ்எம்கூட வராது கண்ணு. சிங்கிள் ஜெர்சி துணி கணக்கா மெல்லிசா இருக்குது."

பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். "மனசு கேக்கல கண்ணு. அந்தச் சாம்பிளோட கழுத்துப் பட்டி ரிப்பு நாலு வாஷ்ல தொங்கிப் போயிரும். லைக்ரா போட்ட ரிப்பா மாத்திக்கலாமான்னு கேளு."

மேடம் என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சீஸ் கிடைக்குமான்னு கேக்கறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

மேடம் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினார். இன்னொரு பலகை வந்தது. மாஸ்டர் கும்பிட்டார். "சரின்னதுமில்லாம இன்னொரு தட்டும் சொல்லிட்டாங்களே!"

இங்கிலீஷ் தடுமாறும் என்ற பயம்... அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவரோடு வந்தவளாகத் தெரிய வெட்கப்பட்டேன். எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் என் அப்பாவும் துணியை அப்படித்தான் பிடித்துப் பார்ப்பார்.

ஊருக்கு வந்து மாஸ்டர் ரிப்பை மாற்றினார். நான் கேட்கவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாம்பிள் வேறு, சரக்கு வேறு என்று மொத்தமும் ரிஜெக்ட்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?" எம்.டி. சார் கேட்டார்.

"அந்தம்மாவே சரின்னாங்க சார். இந்தக் கண்ணுதான் கேட்டுச் சொல்லுச்சுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க சார்."

மாஸ்டர் கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் சீனியர் மெர்ச்சண்டைசர். போன வாரமும் அதே பார், அதே பலகை. சீஸ் பெயரெல்லாம் சொல்லி ஆர்டர் செய்யத் தெரிகிறது. இறைச்சியைத் தூக்கிப் பிடித்து ஜிஎஸ்எம் சொல்லத்தான் எதிரே ஆளில்லை...

எம்.டி. சார், நீங்களும் இந்த குரூப்பில் இருக்கிறீர்கள். மாஸ்டர் இப்போது அருள்புரத்தில் கூலிக்கு ஜாப் ஒர்க் பண்ணுகிறாராம். நான் போய் நின்றால் "போகட்டும் உடு கண்ணு" என்றுவிடுவார்.

நீங்க ஒரு தடவை அவரைக் கூப்பிடுங்க சார். அவர் பொய் சொல்லலைன்னு உங்க வாயால சொல்லுங்க.