உதட்டுக் கொப்புளமும் ஏழாம் நம்பரும்

அன்று ஏழாம் நம்பரில் உட்கார்ந்திருந்த அம்மா, என் தங்கச்சியின் கல்யாணத்தைக் கலைத்தது நீங்கள்தான். பேராதனைப் பக்கம், காசு கட்டி டொக்டர்மாரைப் பார்க்கிற ஒரு சனல் சென்டரில் நம்பர் கொடுக்கிறவன் நான். வரிசையோடு பேரம் பேசியே தொண்டை போகும் தொழில். டொக்டரின் கதவுக்கு வெளியே காத்துக் காத்துக் காய்ந்த உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும். காது மூக்கு தொண்டை டொக்டரிடம் உதட்டுக் கொப்புளத்தோடு வந்த மூன்று பேரின் கதை இது.

பற்பசை வைத்தியம்

கடுகண்ணாவைப் புடவைக்கடை ஹாஜியார் உதடு நிறையப் பற்பசை பூசிக்கொண்டு வந்தார். தூக்கத்தில் உதட்டின் மேல் சிலந்தி ஓடியதால் வந்த புண்ணாம். மாதம் தவறாமல் ஒரே இடத்தில் ஓடுகிற சிலந்தி! பற்பசையைத் துடைத்துவிட்ட டொக்டர், "இது உள்ளுக்க ஒளிஞ்சு கிடக்கிற கிருமி ஹாஜியார். உதடு குறுகுறுக்கத் தொடங்கின உடன குளிசையைப் போடுங்கோ. கொப்புளம் போட்ட பிறகு வந்தா ஆறச் சுணங்கும்" என்றார். வெளியே வந்தவர் என் மேசையில் கையூன்றிச் சொன்னார்: "நாலு வருஷமா ஊட்டுச் செவரெல்லாம் தும்புத்தடியால அடிச்சேனே தம்பி, அதுக்கு யாரு பதில்?"

கட்டாரிலிருந்து வந்தவர்

பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் வந்து இறங்கியவர், உதட்டோரம் கொப்புளத்தோடு. பச்சைப் பிள்ளைக்கு ஒட்டினால் உயிருக்கே ஆபத்து, புண் காய்ந்து ஆறும்வரை முத்தம் கூடாது, தூக்குமுன் கை கழுவ வேண்டும் என்றுவிட்டார் டொக்டர். மனைவி பிள்ளையோடு வாசல் கதிரையில். இவர் இரண்டு கதிரை தள்ளி, வாயைப் பொத்திக்கொண்டு. என்னவென்று கேட்டேன். "காலுக்கு மட்டும் ஒன்னு குடுக்கலாமான்னு கேட்டேன் சார், அதுவும் வேணாம்னுட்டாரு."

என் தங்கச்சி

நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்க அவளுக்குக் கொப்புளம். பதினெட்டாம் நம்பர். முன்னுக்கு எடுக்கச் சொல்லி நேர்ஸோடு பேரம் பேசினேன், மறுத்தார். கோபம் தலைக்கேறி, நோயின் பெயர் எழுதிய அவளுடைய பழைய மருந்துத் துண்டுச் சீட்டைத் தூக்கிப் பிடித்து, "ஹெர்பீஸ் மிஸ், ஹெர்பீஸ்! நிச்சயதார்த்தம் வருது!" என்று மண்டபமே கேட்கக் கத்தினேன்.

டொக்டரே கதவைத் திறந்தார். "ஏன் தம்பி கத்துறீர்? கனபேருக்குச் சின்ன வயசிலயே வீட்டு ஆக்களின்ர ஒரு முத்தத்தில ஒட்டுறதுதான் இது. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை." மாப்பிள்ளை வீட்டாரை அறிந்த நீங்களும் ஏழாம் நம்பரில் இருந்து இதைக் கேட்டீர்கள் அம்மா. ஆனால் பிலிமத்தலாவையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது நோயின் பெயர் மட்டும், அதுவும் "கெட்ட நோய்" ஆகி. நிச்சயம் நின்றது. சொன்னது யாரென்று மாப்பிள்ளையே போனில் சொன்னான். நான் உங்களைத் திட்டித் தீர்க்க, ஆறிய உதட்டோடு அவள் கேட்டாள்: "அவங்கள விடுங்கண்ணே, கத்தினது யாரு?"

கத்தியது நான்தான், அதற்கு அவள் காலில் விழுந்தாயிற்று. பாதியை அவ்வளவு வேகமாகச் சுமந்துபோன நீங்கள், டொக்டர் சொன்ன மீதியையும் இனியாவது அந்த வீட்டில் இறக்கிவிட்டு வாருங்கள் அம்மா.