திங்கட்கிழமையே போட்ட புதன்கிழமை டிக்

ஓசூரில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்து போன வருடம் ரிட்டயர் ஆனேன். வேலையைவிட வேதத்தில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு கிழிந்த கதை இது.

1. டீ டைம்

டூல் ரூம் தேவசகாயம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இயேசு சொன்ன கடைசிக் கால அடையாளங்கள் எல்லாம் எப்போதோ நிறைவேறிவிட்டன என்பது அவர் கட்சி.

"அந்தத் தலைமுறை சாவுறதுக்குள்ள நடக்கும்னு அவரே சொல்லிட்டாரு பிரதர். நாப்பது வருசத்துல ரோமாக்காரன் வந்து எருசலேம் கோயில இடிச்சிட்டாம்லா. பொறவு என்ன பாக்கி?"

"அப்போ மேகத்து மேல வர்றேன்னாரே, அதும் முடிஞ்சுதா? அன்னிக்கு எனக்கு லீவா?" என்பேன் நான். எல்லாம் இனிமேல்தான் என்பது என் கட்சி. பாதி முடிந்தது, பாதி பாக்கி என்றார் எங்கள் பாஸ்டர். இரண்டு பேருக்குமே அவர் மேல் கோபம்.

இந்தச் சண்டைக்குப் பத்து நிமிட டீ டைம் போதவில்லை. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

2. செக் ஷீட்

பிரஸ்ஸின் முன்னால் லைட் கர்ட்டன் என்ற ஒளித்திரை இருக்கும். கை குறுக்கே போனால் மிஷின் நின்றுவிட வேண்டும். தினமும் காலையில் ஒரு கம்பை நீட்டி, நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஷீட்டில் டிக் போடுவது என் வேலை. நான் திங்கட்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஒரு புதன்கிழமை டையில், அதாவது தகட்டை அழுத்தும் அச்சில், பீஸ் சிக்கியது. ஆபரேட்டர் மஞ்சுளா, தொரப்பள்ளிப் பெண், கையை விட்டு எடுத்தாள். பிரஸ் நிற்காமல் இறங்கியது. கிளவுஸின் நுனி போனது. விரல் பிழைத்தது.

மேனேஜர் ஷீட்டைப் பார்த்தார். "இன்னிக்கு புதன்கிழமை. சனிக்கிழமைக்கும் டிக் இருக்குது. நீங்க என்ன தீர்க்கதரிசியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தேவசகாயம் மட்டும் சிரிக்கவில்லை. எதுவுமே இன்னும் நிறைவேறவில்லை என்று வருடக்கணக்காகக் கத்திய நான், நடக்காததை நடந்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

மஞ்சுளா சத்தம் போடவில்லை. கிழிந்த கிளவுஸைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க டிக் போட்டுருக்கீங்கன்னுதானே சார் கைய விட்டேன்" என்றாள்.

3. பிறகு

ஒரு வாரம் சஸ்பெண்ட். திரும்பி வந்தபோது அவள் மிஷினைத் தொடாமல் கைகட்டி நின்றாள். "கம்ப நீட்டிக் காட்டுங்க சார்." நீட்டினேன். நின்றது. அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். நான் ரிட்டயர் ஆகும் நாள் வரைக்கும் அப்படித்தான்.

தேவசகாயத்தோடு இன்னும் எனக்கு ஒத்துப்போகவில்லை. போனில் தொடர்கிறது சண்டை. முடிந்தது என்று சொல்லுங்கள், முடியவில்லை என்று சொல்லுங்கள், ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் வார்த்தையை நம்பி யாரோ ஒருத்தி கையை உள்ளே விடுகிறாள்.