இருபத்தாறு இஞ்ச் வண்டி ஆறு

செருப்பு வாங்க வருகிறவன் காலை நுழைத்துப் பார்த்துத்தான் வாங்குவான். சைக்கிள் வாங்க வருகிறவன் காலை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவான். கடையில் நின்று சாமான் விற்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

எழுபதுகளில் தேனி கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடையில் எனக்கு வேலை. அப்போது சைக்கிள் என்றாலே இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம், ஒன்றரை இஞ்ச் டயர். பாதிப் பேருக்குக் கால் எட்டாதே என்று, முதலாளியைப் பேசிக் கரைத்து, மெல்லிசு டயர் போட்ட இருபத்தாறு இஞ்ச் வண்டி ஆறு வரவழைத்தேன். ஒன்றுகூட நகரவில்லை. வீரபாண்டித் திருவிழாவுக்குள் ஆறும் போகணும், இல்லையென்றால் நீ போகணும் என்று முதலாளி அன்பாகச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை வண்டி

அனுமந்தன்பட்டி சம்சாரி ஒருவர் மருமகனுக்கு வண்டி எடுக்க வந்தார். மாப்பிள்ளையும் கூடவே நின்றார். என் தோளுக்குக் கீழே. இருபத்தாறைக் காட்டி, இதுதான் அவருக்குக் கால் எட்டும் என்றேன். மாமனார் என்னை ஒரு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஓட்டுறதுக்கா வாங்குறோம்? சம்பந்தகாரக பாக்குறதுக்குல்ல வாங்குறோம்."

கணக்கு வாத்தியார்

இவர் ஆயுசுக்கும் நடந்து நடந்தே தேய்ந்தவர். மெல்லிசு டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, மிதிக்க லேசாக இருக்கும் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சக்கரம் பெரிசாக வேண்டுமாம். இந்த டயரைக் கழற்றி அந்த இருபத்தெட்டில் மாட்டச் சொன்னார். ரெண்டு இஞ்ச் பத்தாது சார், மாட்டவே முடியாது என்றேன்.

"ரப்பர்தானப்பா, இழுத்தா வராதா?"

கல்

எங்கள் கடை வாசலில் ஒரு கல் கிடக்கும். குட்டையானவர்கள் அதில் ஏறி நின்றுதான் இருபத்தெட்டில் உட்காருவார்கள், திரும்பி வந்து அதில்தான் காலை ஊன்றி இறங்குவார்கள். இந்தக் கல்தான் என் எதிரி என்று ஒருநாள் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு வந்த உத்தமபாளையம் கோர்ட்டு குமாஸ்தா, ஆள் கடுகு, கல்லில் ஏறி இருபத்தெட்டில் வெள்ளோட்டம் கிளம்பினார். நான் கல்லை உருட்டிக் கடைக்குப் பின்னால் போட்டுவிட்டேன். திரும்பி வந்தவர் கல்லைத் தேடினார், இன்னொரு சுற்று போனார், மறுபடி வந்தார். நாலாவது சுற்றில் டீக்கடை முன்னால் இருந்த கரண்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து இறங்கினார். இப்போதாவது புத்தி வரும் என்று சிரித்தபடி இருபத்தாறை உருட்டிக்கொண்டு போனேன். அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"இருபத்தெட்டையே கட்டுங்க. கோர்ட்டு வாசல்லயும் இப்படி ஒரு கம்பம் இருக்கு."

முதலாளி

அன்று சாயங்காலம் முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். அவருக்கும் இருபத்தெட்டுதான், அவருக்கும் அதே கல்தான். ஐயையோ, அது என் நினைப்பிலேயே இல்லை. கல் இருந்த இடத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், எதிரே டீக்கடையில் வேடிக்கை பார்க்கிற பத்துப் பேரையும் பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே ஒரு இருபத்தாறை வாயைத் திறக்காமல் அவர் பக்கம் நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்தார். ரெண்டு காலும் தரையில் இருந்தது. மறுநாளும் அதிலேயே வந்தார், அதற்கு மறுநாளும். முதலாளியே ஓட்டுகிறாரே என்று கடைத்தெருக்காரர்கள் மீதி அஞ்சையும் திருவிழாவுக்கு முன்னாலேயே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு முறைத்தார்.

"இம்புட்டு நல்ல வண்டிய ஏன்யா இத்தன நாளா மூலையில போட்டு வச்சிருந்த?"

ஆறு மாதம் வாய் வலிக்கப் பேசியும் என்னால் ஆகாத வியாபாரத்தை நாலே நாளில் முடித்துக் கொடுத்த அந்தக் கல், நான் அந்தக் கடையை விட்டு வரும்வரை பின்பக்கம் சும்மாதான் கிடந்தது.