பெற்றோல் குடித்த வெள்ளைக் கார்

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் வெள்ளைக் காரின் பின் சீற்றில் இருந்தால் தொடை றெக்சினோடு ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போது சர்ரென்று உரிந்து வருகிற சத்தமும், அந்த எரிவும், சீற்றின் இடுக்குகளில் ஊறிப்போய்க் கிடந்த மீன்தண்ணி நாற்றமும்தான் என் ஒன்பது வயதை நினைத்தவுடன் முன்னால் வந்து நிற்பவை. மற்றவர்கள் தங்கள் சிறுபராயத்தை எழுதும்போது மல்லிகை மணக்கிறது. எனக்குச் சூடைமீன் மணக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

அப்போது நாங்கள் திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருந்தோம். அப்பாவுக்குக் கட்டாரில் வேலை. அம்மா புல்மோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணித ரீச்சர். நானும் அம்மாவோடு போய் அங்கேயே படித்தேன். சண்டை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த காலம் அது. வடக்கே போகிற அந்தக் கரையோர வீதி முழுக்கக் குண்டும் குழியும். ஆறு கடலில் விழுகிற இடத்தில் பாலம் கிடையாது, வாகனத்தை மிதவையில் ஏற்றி அக்கரைக்கு இழுத்துக்கொண்டு போகிற "பாதை"தான் இருந்தது. இடையிடையே ஆமியின் "செக்பொயின்ற்", ஒவ்வொன்றிலும் இறங்கி நடந்து மறுபடி ஏறவேண்டும். பஸ் இருந்தது என்று சொல்லலாம், வரும் என்று சொல்ல ஏலாது. ஆகவே கார் இருந்தால்தான் அம்மாவுக்கு வேலை. கார் போனால் வேலையும் போகும், அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேறு ஒருவரும் இல்லை. இது எனக்கு அந்த வயதிலேயே துலக்கமாகத் தெரியும்.

வில்லங்கம் என்னவென்றால், கார் பெரிய மாமாவின் பேரில் இருந்தது. பெரிய மாமா அம்மாவின் மூத்த அண்ணன், துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். அவருடைய கதையே அதட்டல்தான். தேத்தண்ணி கேட்டாலும் யாரையோ ஏசுகிற மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் பூசை முடித்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். கதிரை இழுத்துப் போட்டால் இருக்கமாட்டார், காருக்குள் ஏறித் திறப்பைத் திருப்பிப் பெற்றோல் முள்ளைப் பார்ப்பார். பிறகு தொடங்கும் திருவிழா.

"இஞ்ச பார் தங்கச்சி, போன கிழமையும் இதே ரோட்டு, இதே பள்ளிக்கூடம். முள்ளு பாதியிலை நிண்டது. இந்தக் கிழமை அடியிலை கிடக்குது. எங்கை போகுது பெற்றோல்?"

"எரிஞ்சு போகுது, அண்ணை. வேறை எங்கை போறது?"

"பகிடி விடாதை. இது பெற்றோல் குடிக்கிற கார். வித்துப்போட்டு வீட்டோடை இரு, நாலு பிள்ளையளுக்கு ரியூசன் குடு. பாலையூற்றிலை ஒருத்தர் கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

முதலில் யாரோ களவெடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுப் பெற்றோல் தாங்கிக்குப் பூட்டு வைத்த மூடி வாங்கிப் போட்டார். அதன்பிறகு ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கடியில் சாக்கு விரித்துப் படுத்தார். கராச் "பாஸ்" வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிவிட்டு, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். அப்படியென்றால் காரே அப்படித்தான், பிறவிக் குணம் என்றார் மாமா. அறிவித்துவிட்டார், வழக்கு முடிந்தது. கச்சான் முடிவதற்குள் பாலையூற்றுக்காரர் வந்து காரைக் கொண்டுபோவார்.

அம்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை, பிடித்தால் விடாத ஆள். அன்று பின்னேரம் அம்மா பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது. ஒரு கார் இத்தனை லீற்றரில் இத்தனை தூரம் ஓடுமானால் என்று அதில் ஒரு கணக்கு இருந்தது. "இந்தப் புத்தகத்துக் காருக்குக் காத்தும் இல்லை, மேடும் இல்லை, மீன்பெட்டியும் இல்லை. குடுத்து வைச்ச கார்" என்றார். அந்தக் கிழமையிலிருந்து போகிற வழியெல்லாம் அம்மா கதைப்பதைக் குறைத்துக்கொண்டு காரைக் கவனிக்கத் தொடங்கினார்.

நானும் கவனித்தேன், எனக்கு வேறு வேலை ஏது? காலையில் நாங்கள் வடக்கே போகும்போது தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் பின்பக்கத்தால் சரிந்து வந்து தள்ளும். அம்மா காலை லேசாக வைத்தாலே கார் போகும். மத்தியானம் அதே காற்று முகத்துக்கு வரும், அதே வேகத்துக்குக் காரை மிதித்து மிதித்து ஓட்டவேண்டியிருக்கும். "பாதை"க்கு வரிசை நீண்ட நாட்களில் எஞ்சினை நிற்பாட்ட மாட்டார், ஏனென்றால் அந்தக் காரின் ஸ்ராட்டருக்குச் சூடு ஏறினால் ரோசமும் ஏறிவிடும், பிறகு தள்ள ஆள் பிடிக்கவேண்டும். கார் ஓர் அடிகூட அசையாமல் நின்ற இடத்திலேயே பெற்றோலை எரித்துக்கொண்டிருக்கும். டயருக்குக் காற்றுக் குறைந்தால் கார் சகதியில் போகிற மாதிரி இழுபடும். ரவுணுக்குள் வந்தால் மான்கள் வேறு. திருகோணமலையில் மான்கள் எங்களைவிட உரிமையோடு நடுவீதியில் நிற்கும், பிறேக்கை அமத்து, பிறகு எடு, பிறகு அமத்து. கடைசியாக, மீன்பெட்டி.

புல்மோட்டையிலிருந்து ரவுணுக்கு வெறுங்காராக ஒருவரும் திரும்பிவர முடியாது, அது அந்த நாளைய வழக்கம். பள்ளிக்கூட வாசலில் யாராவது தாய் நிற்பா. "ரீச்சர், இதக் கொஞ்சம் எங்கட மச்சிக்கிட்ட குடுத்துருங்க" என்று ஐஸ் போட்ட பெட்டி ஏறும். பின்னாலேயே கருவாட்டு மூட்டை, ஒரு குலை இளநீர், சில நாட்களில் காய்ச்சல்காரக் கிழவர் ஒருவர். சில நாட்களில் ஒன்றும் இராது. டிக்கி நிறைந்த நாளில் காரின் பின்பக்கம் நிலத்தைத் தொடுகிற மாதிரிப் பதிந்து, மூக்கு வானத்தைப் பார்க்கும். ஒரே வீதி, ஒரே கார் என்று மாமா சொன்னது சரி. ஒரே ஓட்டம் என்று அவர் நினைத்ததுதான் பிழை.

ஆனாலும் பெரிய பிழை மாமாவின் தலைக்கு மேலேயே இருந்தது, அதாவது காரின் தலைக்கு மேலே. மாமா அம்மன் கோவில் சபையில் இருந்தார். திருவிழா வந்ததும் அறிவித்தலுக்கு எங்கள் காரைத்தான் கொடுத்தார். கூரையில் மரச்சட்டம் கட்டி, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாக லவுட்ஸ்பீக்கர் பூட்டி, வேப்பிலையும் மஞ்சள் துணியும் சுற்றி, பின்னேரம் முழுக்க முதலாம் கியரிலேயே ஒழுங்கை ஒழுங்கையாக ஊர்ந்தார்கள். திருவிழா முடிந்தும் சட்டம் இறங்கவில்லை. எட்டாம் நாள் பூசை முடியுமட்டும் அம்மனுக்கென்று கட்டினதை அவிழ்க்கக்கூடாது என்றார் மாமா. அந்தப் பூசையும் யாரோ செத்த துடக்கென்று தள்ளிப்போயிற்று. ஆக, அம்மா அந்த இரண்டு லவுட்ஸ்பீக்கரையும் வேப்பிலையையும் தலையில் சுமந்துகொண்டு அந்தக் கச்சானில் புல்மோட்டைக்கும் அன்புவழிபுரத்துக்கும் ஓடினார். கார் ஊளையிட்டுக்கொண்டு வரும். அந்தக் கிழமைகளில்தான் முள் அடியில் கிடந்தது, அந்தக் கிழமைகளை வைத்துத்தான் மாமா தீர்ப்புச் சொன்னார்!

பூசை முடிந்து சட்டம் இறங்கிய ஞாயிறன்று, மாமா திறப்பைத் திருப்புவதற்கு முன்பே அம்மா போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை லீவு போடுங்கோ. என்னோடை வாங்கோ. தாங்கியின்ரை கழுத்துமட்டும் பெற்றோல் அடிச்சுக்கொண்டு போவம், வந்து அதே பெற்றோல் செட்டிலை திரும்பவும் கழுத்துமட்டும் அடிப்பம். எவ்வளவு பிடிக்குதெண்டு உங்கட கண்ணாலை பாருங்கோ. இந்தத் தூரத்துக்குப் பிடிக்கவேண்டியதைவிடக் கூடிச்செண்டா காரை அண்டைக்கே குடுங்கோ, நான் ஒரு கதையும் கதைக்கமாட்டன்."

"வாக்கு மாறமாட்டியே?"

"நான் எப்ப மாறினனான்?"

வெள்ளிக்கிழமை காலையில் பெற்றோல் செட்டில் இரண்டு பேர் காரைப் பிடித்து ஆட்ட ஆட்ட, தாங்கியில் குமிழி அடங்கிக் கழுத்துவரை பெற்றோல் ஏறியது. டயருக்குக் காற்றும் அடித்தாயிற்று. மாமா முன்சீற்றில், நான் பின்னால். குச்சவெளி வரைக்கும் மாமா முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஒரு செக்பொயின்றில் எங்களை இறக்கி நடக்கச் சொன்னார்கள். அம்மா மட்டும் காரை உருட்டிக்கொண்டு, நீட்டிய துவக்குகளுக்கு முன்னால் தனியாகப் போனார். மாமா என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானோ, பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"ஓம் மாமா."

"பாதை"க்கு வரிசை இருந்தது. அன்று மட்டும் அம்மா துணிந்து எஞ்சினை நிற்பாட்டினார். பிறகு அது ஸ்ராட் வராமல் அடம்பிடிக்க, துறைமுகத்துக் களஞ்சியப் பொறுப்பாளரே இறங்கித் தள்ளினார். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தால், வாசலில் வழமைபோல் ஒரு தாய் பெட்டியோடு நின்றா. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "இண்டைக்கு மட்டும் ஏலாதம்மா" என்றார்.

"என்ன ரீச்சர், மீன் நாறுதா?" என்று கேட்டா அந்தத் தாய். கோபமில்லை, நொந்துபோன குரல்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. திங்கட்கிழமை ரெண்டு பெட்டி தாங்கோ, கட்டாயம் கொண்டுபோவன்."

திங்கட்கிழமை கார் இருக்குமோ இல்லையோ என்று நான் காரையே பார்த்தேன். அம்மாவோ நடந்துமுடிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். வெறும் டிக்கியோடு, எதிர்காற்றுக்கு வேகத்தைக் குறைத்து, குழிக்கு முன்பே காலை எடுத்து, அவசரமில்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தார். அதே செட், அதே பம்ப், அதே இரண்டு பேர் ஆட்டினார்கள். மெசினில் நின்ற இலக்கத்தை மாமா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். அம்மா எதிர்பார்த்ததைவிடவும் குறைவாகத்தான் பிடித்திருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது.

மாமா காருக்குள் ஏறாமல் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கார் நல்ல கார்தான்" என்றார். "எனக்குக் காரிலை என்ன கோபம், தங்கச்சி. அந்த ரோட்டுத்தான்... ஒவ்வொரு நாளும் நீ வந்து சேருமட்டும் எனக்குச் சோறு இறங்கிறேல்லை."

அம்மா தாங்கி மூடியைத் திருகிப் பூட்டினார். "தெரியும் அண்ணை" என்றார். "எனக்கும் பயம்தான். ஆனா திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கு."

மாமா காருக்குள் ஏறினார். பாலையூற்றுக்காரருக்கு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, அவர் வரவே இல்லை. அடுத்த ஞாயிறு மாமா முள்ளைப் பார்க்காமல் டயர்களைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். திங்கட்கிழமை காரில் இரண்டு மீன்பெட்டி ஏறியது. அம்மா பென்சன் எடுக்கும்வரை அந்த வீதியில் ஓடினார்.

இன்று நான் ஓட்டுகிற கார், லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறேன் என்று தானே திரையில் எழுதிக் காட்டுகிறது. என்னோடு வேலை செய்கிறவர்கள், நேற்று இவ்வளவு ஓடினது, இன்றைக்கு ஏன் குறைவு என்று அந்தத் திரையோடு சண்டை பிடிக்கிறார்கள். காற்று, பாரம், நிற்கிற நேரம், ஓட்டுகிற கால் என்று நான் தொடங்கினால், ரீச்சரின் மகள் தொடங்கிவிட்டா என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் அம்மாவை ஏற்றிக்கொண்டு புல்மோட்டைக்குப் போனேன். அவரிடம் படித்த ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். வெள்ளைக் கார் எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. "பாதை" ஓடிய இடத்தில் பாலம், செக்பொயின்ற் நின்ற இடத்தில் இளநீர்க் கடை. மீனுக்குக் குளிரூட்டிய லொறி வருகிறது, ரீச்சர்மாரின் டிக்கி யாருக்கும் தேவையில்லை. மாமாவும் இல்லை. மாமாவுக்காக நான் அழுதிருக்கிறேன், அந்தப் பழைய வீதிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடமாட்டேன்.

சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும், யார் ஓட்டினாலும், அந்த வீதியில் ஏறினால் அம்மா முதுகைச் சாய்க்கமாட்டார். நிமிர்ந்து, முன்னால் வருகிற ஒவ்வொரு வளைவையும் பார்த்தபடியே வருவார். அன்று குச்சவெளி தாண்டியதும் நான் ஏதோ கேட்டேன், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. பிறகு புல்மோட்டை வரும்வரை நான் ஹோர்ன் அடிக்கவே இல்லை.